மூல ஆசிரியர் நானே என உறுதியளிக்கிறேன்

எந்தக் காதும்மா அடைச்சிருக்கு? வலது காதா? அப்ப நான் இந்தப் பக்கமா வந்து உக்காந்துக்கறேன். சிரமமெல்லாம் ஒண்ணுமில்ல. காது பாக்கற ஆஸ்பத்திரிக்கு வந்து கேக்காத காதுல பேசிட்டிருந்தா என்னையும் உள்ள கூப்பிட்டுடுவாங்க. உங்க டோக்கன் என்ன? பதிமூணா? அப்ப அடுத்தது நீங்கதான். ஆனா அவசரப்படாதீங்க. உள்ள போயிருக்கற பன்னெண்டு லேசுல வராது.

பன்னெண்டு என் சம்சாரம். பேரு செண்பகவல்லி. எனக்கு ஒண்ணுமில்லம்மா, காது மூக்கு தொண்டை மூணும் நல்லா கல்லு மாதிரி இருக்கு. அவளுக்குத்தான் பேச்சு நின்னு போச்சு. இன்னியோட நாப்பத்தேழு நாள். ஒரு வார்த்தை இல்ல. காப்பி வேணுமான்னு கேக்கறதில்ல, டம்ளரைக் கொண்டு வந்து வைக்கற சத்தம்தான். அதுலயும் ஒரு நாள் மெதுவா வைப்பா, ஒரு நாள் நங்குன்னு வைப்பா. அதை வச்சு நான் என்னத்தக் கண்டுபிடிக்கறது?

போன வாரம் இந்த டாக்டர் குழாய் விட்டுப் பாத்தாரு. குரல்வளை சின்னப் பொண்ணுக்கு இருக்கற மாதிரி இருக்குன்னாரு. அப்பறம் ஏன் சார் பேச்சு வரலன்னு கேட்டேன். அடுத்த தடவை அவங்களை மட்டும் உள்ள அனுப்புங்கன்னாரு. பேச்சு வராதவகிட்ட தனியா என்ன பேசப் போறாருன்னு எனக்குப் புரியல. பக்கத்து வீட்டுக்காரம்மா வேற, நேத்துக்கூட உங்க வீட்டம்மா மொட்டை மாடியில நல்லா பேசிட்டு இருந்தாங்களேங்கறாங்க. அந்தம்மாவுக்குக் கொஞ்ச நாளா ஞாபக மறதி.

என் பேரு திருவேங்கடம். 'திருவேங்கடத்தின் தெறிப்புகள்'னு கேள்விப்பட்டிருப்பீங்களே? இல்லியா? பரவால்லம்மா. என் வரிங்க உங்ககிட்ட வந்திருக்கும், என் பேருதான் வந்து சேந்திருக்காது. என் பிரச்சினையே அதுதான். இப்ப ஒரு வரி சொல்றேன், கேட்டிருக்கீங்களா பாருங்க. 'உப்பு குறையும்போதுதான் சமைத்தவளின் இருப்பு தெரிகிறது.'

பாத்தீங்களா, தலையாட்டறீங்க. யாரு அனுப்பினது, உங்க அக்காவா? பின்னாடி ஒரு ரோஜாப்பூ, மேல இனிய காலை வணக்கம், சரிதானே? கீழ பேரு இருந்துச்சா? இருக்காது. அது திருட்டுப் பொருளும்மா. உங்க மேல தப்பு சொல்லல, உங்க அக்கா மேலயும் சொல்லல. நகைக்கடையில வாங்கறவங்களுக்கு அது யாரு வீட்டுத் தாலின்னு தெரியுமா? உப்பு, இருப்பு, அந்த இயைபு வந்து உக்காந்ததைப் பாருங்க. அதுக்கு எனக்கு ஒரு காலைப் பொழுது முழுக்க ஆச்சு.

நான் எழுத்தாளன் இல்லம்மா. முப்பத்து நாலு வருஷம் ஒரு தினசரியில பிழை திருத்தற வேலை. இந்தத் திருச்சியில எவன் என்ன எழுதினாலும் அதுல ஒற்று போட்டது நான். மந்திரி பேசினா ஒற்று நான் போட்டேன். தொடர்கதை எழுதறவரு காதலியின் கண்ணீரை துடைத்தான்னு எழுதுவாரு, கண்ணீரைத் துடைத்தான்னு நடுவுல அந்த 'த்' நான்தான் கொண்டு போய் வைக்கணும். அவருக்குத்தான் ஊரு பூரா வாசகர் கடிதம். முப்பத்து நாலு வருஷத்துல ஒரு வரி என் பேர்ல வந்ததில்ல. ரிட்டயர் ஆன அன்னிக்கு மாலை போட்டு ஒரு வாழ்த்து மடல் குடுத்தாங்க, அதுலயும் ரெண்டு இடத்துல ஒற்றைக் காணோம். நானே பேனாவால திருத்தித்தான் ஃப்ரேம் போட்டு மாட்டினேன். அன்னிக்கு அழுதேன்மா, பொய் சொல்லல.

அப்பறம்தான் மாப்பிள்ளை போன்ல எனக்குன்னு ஒரு பக்கம் ஆரம்பிச்சுக் குடுத்தாரு. தினம் ஒரு தெறிப்பு. கீழ என் பேரு, மூலையில வாட்டர்மார்க், என் போட்டோ சின்னதா வட்டத்துல. மொத தெறிப்பு எப்படி வந்துச்சு தெரியுமா? ரிட்டயர் ஆன மூணாம் நாள், பதினோரு மணிக்கு மூணாவது காப்பி கேட்டேன். இவ அடுப்படியிலேருந்து, "ஓய்வு பெத்தது நீங்க, வேலை ரெண்டு மடங்கானது எனக்கு"ன்னா. சும்மா வாயில வந்ததைச் சொன்னா. எனக்கு அங்க பொறி தட்டுச்சு. உக்காந்து செதுக்கினேன். 'ஓய்வு என்பது ஒருவர் பெறுவது; அதன் வேலையை இன்னொருவர் செய்வது.' அரைப்புள்ளியைக் கவனிச்சீங்களா? ஒரே நாள்ல ரெண்டாயிரம் பேர் ஷேர் பண்ணினாங்க.

அதுலேருந்து நிக்கவே இல்ல. அவ பாட்டுக்கு ஏதாவது சொல்லிட்டே இருப்பா, எனக்கு அந்தச் சூழ்நிலையில சிந்தனை ஊறும். சொந்தக்காரங்க வந்துட்டுப் போனா, "நல்லா இருக்கீங்களான்னு கேக்கறாங்க, பதில் சொல்றதுக்குள்ள செருப்பை மாட்டிடறாங்க"ன்னுவா. அன்னிக்குச் சாயங்காலம் அது தெறிப்பா வந்துடும். நீங்க கேக்கலாம், அப்ப அவ சொன்னதுதானேன்னு. அட, அது பேச்சும்மா. பேச்சுக்கு யாராவது பேர் போடுவாங்களா? மாவு அவ அரைச்சா, தோசை யாரு ஊத்தறா? அதுவும் அவதான், சரி, அந்த உதாரணம் வேண்டாம். ஆனா நீங்க படிச்சவங்க, உங்களுக்குப் புரியும்.

பேரு வந்துச்சு. கூடவே திருடனும் வந்தான். மொதல்ல ஒரு ஜவுளிக்கடை, ஆடித் தள்ளுபடி ஃப்ளெக்ஸ்ல என் வரியைப் போட்டு, கீழ முதலாளி கும்பிடற போட்டோ. அப்பறம் ஒரு கருமாதிப் பத்திரிகை. சமைத்தவளின் இருப்பு தெரிகிறதுன்னு, செத்துப்போன அந்தம்மா படத்துக்கு அடியில. அங்க போய் நான் சண்டை போட முடியுமா? ஆனா பத்திரிகையைக் கையில வாங்கி, இதை எழுதினது நான்தான்னு மூணு பேர்கிட்ட சொல்லிட்டுத்தான் சாப்பிட உக்காந்தேன். எல்லாத்துக்கும் மேல என் மச்சான், இவளோட கூடப் பிறந்த தம்பி, அவனே எனக்கு அனுப்பறான். 'அருமையான வரிகள் மாமா, எழுதியவர் யாரோ, அவசியம் படிக்கவும்.' என் பேரை வெட்டிட்டு எனக்கே அனுப்பறான் பாருங்க.

இவகிட்ட சொல்லிப் பொருமினேன். நாம யோசிச்சு யோசிச்சு எழுதறதை இன்னொருத்தன் எடுத்து அவனோடதுன்னு காட்டிக்கறானே, இவனுங்களுக்கு மனசாட்சி இல்லியான்னேன். அவ பூண்டு உரிச்சிட்டு இருந்தா. "கஷ்டமாத்தான் இருக்கும்"னா. அவ்வளவுதான் சொன்னா. அதுல தெறிப்பு ஒண்ணும் தேறல.

இருங்க, உள்ள யாரோ சிரிக்கற மாதிரி இல்ல? டாக்டரா? வேற ரூமா இருக்கும். காது மூக்கு தொண்டையில சிரிக்க என்ன இருக்கு?

அப்பறம் ஒரு பொறி வச்சேன்மா. எலிக்கு வைக்கற மாதிரி. வரியில ஒரு பிழையை நானே வேணும்னு விட்டுடறது. அதைத் திருடறவன் பிழையோட திருடுவான், மாட்டிப்பான். சொல்றதுக்கு லேசா இருக்கு. முப்பத்து நாலு வருஷம் பிழையைத் துரத்தினவன் தன் கையாலேயே ஒரு பிழையை வைக்கறதுன்னா, எனக்கு ரெண்டு நாள் சாப்பாடே இறங்கல. அப்பப் பாத்து ஒரு நல்ல வரி அமைஞ்சுது. அன்னிக்கு நான் கண்ணாடியைக் காணோம்னு வீட்டைத் தலைகீழாப் புரட்டிட்டு இருந்தேன். இவ சொல்றா, "மூக்குல இருக்கற கண்ணாடியை வீடு பூரா தேடறவரு, ஊரான் வரியில புள்ளி எங்கன்னு தேடறாரு." சொல்லிட்டுச் சிரிச்சா. அதை மனுஷ குலத்துக்கே பொதுவா மாத்தினேன். 'மூக்கின்மேல் கண்ணாடியை வைத்துக்கொண்டு வீடெங்கும் தேடுபவனே, ஊரார் வரியில் புள்ளியை தேடுகிறான்.' பிழை எங்கன்னு தெரியுதா? புள்ளியைத் தேடுகிறான்னு வரணும். இரண்டாம் வேற்றுமைக்கு அப்பறம் வல்லினம் வந்தா ஒற்று மிகும். அந்த 'த்'தை எடுத்துட்டு, கண்ணை மூடிட்டுப் போட்டேன்.

பொறி வேலை செஞ்சுது. நாலு இடத்துல அந்த 'த்' இல்லாமலே வந்துச்சு. எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டேன். அஞ்சாவதா ஒண்ணு வந்துச்சு பாருங்க, அங்கதான் என் நிம்மதி போச்சு.

'பேர் வேண்டாம்'னு ஒரு பக்கம். பேரே அதுதான். போட்டோவுக்குப் பதிலா ஒரு குக்கர் வெயிட்டு படம். மேல ஒரு சிராய்ப்புகூட இருந்துச்சு, எங்க வீட்டு வெயிட்டுல இருக்கற மாதிரியே. எல்லா வீட்டு வெயிட்டும் கீழ விழத்தானே செய்யுது. அந்தப் பக்கத்துல என் தெறிப்பு, என் பேரோட, என் வட்டப் போட்டோவோட அப்படியே இருக்கு. ஆனா 'புள்ளியை'க்கு அடியில சிவப்புல ஒரு கூரை மாதிரி குறி போட்டு, ஓரத்துல 'த்' எழுதி, பக்கத்துல ஒரு சாய்கோடு. பிழை திருத்தறவங்க போடற அச்சுக்கூடத்துக் குறிம்மா அது. கீழ ஒரு வரி, 'தேடின புள்ளி இதுதானா?' அதுக்கும் கீழ, 'சொன்னது இப்படி இல்ல'ன்னு போட்டு, என் வரியை அப்படியே பேச்சு மொழிக்கு இறக்கி எழுதியிருக்கு. மூக்குல இருக்கற கண்ணாடியை வீடு பூரா தேடறவருன்னு.

எவ்வளவு கொழுப்பு பாருங்க. நான் செதுக்கி வச்சதை எடுத்துப் பழையபடி கொச்சையா மாத்தி வச்சிருக்கான். அதுக்கு என்னுதைவிட அதிகமா லைக் வேற. 'இதுதான் உயிரோட இருக்கு'ன்னு ஒருத்தி கமெண்ட் போடறா. தமிழ் எங்க போயிட்டிருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

ராப்பகலா யோசிச்சேன். இந்த ஊர்ல அந்தக் குறி போடத் தெரிஞ்சவங்க மொத்தமே மூணு பேரு. ஒருத்தர் போய்ச் சேந்துட்டாரு. இன்னொருத்தர் மகனோட பெங்களூரு போயிட்டாரு, அவருக்குக் கண்ணு பாதிக்கு மேல தெரியாது. மூணாவது நான். நான் போடல. அப்ப யாரு?

அதுக்கப்பறம் பழைய வரிங்க ஒவ்வொண்ணா வர ஆரம்பிச்சுது. காப்பி வரி வந்துச்சு. செருப்பு வரி வந்துச்சு. எல்லாம் கொச்சையில. சரி, இவன் என் பக்கத்தைப் பாத்துட்டு ஒவ்வொண்ணா உருட்டறான்னு நினைச்சேன். ஆனா அடுத்தது நடந்துச்சு பாருங்க, அதைச் சொன்னா நம்ப மாட்டீங்க.

எனக்கு போன் மேலயே சந்தேகம் வந்துடுச்சு. யாரோ ஒட்டுக் கேக்கறான்னு, கேமரா மேல பிளாஸ்திரி ஒட்டினேன். ஒரு நாள் காலையில ஆறரை மணிக்கு, போனை அரிசி டப்பாவுக்குள்ள போட்டு மூடிட்டு இருக்கேன். இவ பாத்துட்டு, "போனுக்குக் காது இருக்குன்னு பயப்படறீங்க. எனக்கு வாய் இருக்குன்னு இன்னுமா தெரியல?"ன்னா. அருமையான வரி. உடனே உக்காந்தேன். 'கருவிக்குக் காது உண்டென்று அஞ்சுபவன், அருகிலிருப்பவருக்கு வாய் உண்டென்று அறியான்.' உண்டென்று, உண்டென்று, ரெண்டு தடவை வருதேன்னு அதைச் சரி பண்ணவே ரெண்டு மணி நேரம் ஆச்சு. ஒன்பது மணிக்குப் போடலாம்னு போனா, அந்தக் குக்கர் வெயிட்டு ஏற்கெனவே போட்டிருக்கு. அதே வரி. நேரம் பாக்கறேன், ஆறு நாப்பத்திரெண்டு.

யோசிச்சுப் பாருங்கம்மா. நான் எழுதறதுக்கு முன்னாடியே திருடிட்டான். என் போன் அரிசிக்குள்ள, இவ போன் இவ கையிலயே இருக்கு. வீட்டுல நானும் இவளும்தான். சுவத்துக்குள்ள ஏதாவது வச்சிருப்பானோன்னு காலண்டரையெல்லாம் கழட்டிப் பாத்தேன். இவ ஏணியைப் பிடிச்சுக்கிட்டா. பாவம், அவளுக்கும் என்னோட சேந்து அலைச்சல்.

வக்கீலைப் போய்ப் பாத்தேன். ஜெசிந்தான்னு ஒரு அம்மா, இந்த மாதிரி எழுத்து உரிமை விவகாரமெல்லாம் பாக்கறவங்க. அவங்க நிதானமா எல்லாத்தையும் படிச்சாங்க. "ஐயா, கருத்துக்கு உரிமை கிடையாது. அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உரிமை"ன்னாங்க. நானும் அதைத்தான் சொல்றேன்னேன். "சொன்ன விதம் யாரோடது?"ன்னாங்க. என்னோடது, நான்தான் எழுதினேன்னேன். "எழுதினது சரிங்கய்யா. சொன்னது யாரு?" இதே கேள்வியை மூணு தடவை கேட்டாங்கம்மா. வீட்டுல சும்மா பேசிக்கறதுதான், அதை விடுங்கன்னேன். பேனாவை மூடி வச்சுட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? "நோட்டீஸ் எந்த விலாசத்துக்கு அனுப்பணும்னு எனக்குத் தெரியுது. அதனாலதான் அனுப்ப வேண்டாங்கறேன்." விலாசம் தெரியுமாம், அனுப்ப மாட்டாங்களாம். அந்தப் பக்கத்து ஆளா இருக்கும் போலன்னு எழுந்து வந்துட்டேன். வாசல் வரைக்கும் வந்து, "உங்க வீட்டம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க"ன்னாங்க. பாத்ததுகூட இல்ல, கேட்டதாச் சொல்றாங்க. பண்பான பொம்பளைதான், தொழில்ல கெட்டி இல்ல.

வக்கீல் வேண்டாம்னு நானே இறங்கினேன். அந்த ஆப்லயே புகார் படிவம் இருக்கு, தமிழ்லயே இருக்கு. என் பதிவை இன்னொருத்தர் எடுத்துட்டாங்கன்னு சொன்னா, விசாரிச்சுத் தூக்கிடுவாங்க. நீளமான படிவம். தப்பு வந்துடக் கூடாது பாருங்க, அதனால இவளைப் பக்கத்துல உக்கார வச்சேன்.

அது எங்க பழைய பழக்கம். பிழை திருத்தறதுன்னா ஒருத்தர் வாசிக்கணும், ஒருத்தர் பாக்கணும், அப்பதான் சரியா வரும். ஞாயித்துக்கிழமை மலருக்கு உண்டான தாளெல்லாம் வீட்டுக்கு வந்துடும். இவ வாசிப்பா, நான் குறி போடுவேன். முப்பது வருஷம் வாசிச்சிருக்கா. ஏத்த இறக்கம் இல்லாம, ஒரு எழுத்து முழுங்காம, நடுவுல காற்புள்ளி வந்தா 'காற்புள்ளி', முடிஞ்சா 'முற்றுப்புள்ளி'ன்னு அதையும் சேத்து வாசிப்பா. எனக்குத் தலைவலின்னா குறியைக்கூட அவளே போட்டுடுவா, நான் அடியில கையெழுத்து மட்டும் போடுவேன். ஆபீஸ்ல ஒரு பய கண்டுபிடிச்சதில்ல. வேலை அது ஒண்ணும் பெருசில்லம்மா, பழகினா யாருக்கும் வரும்.

அன்னிக்கும் போனை அவ கையில குடுத்து, நீ வாசி, நான் சொல்றேன், நீ தட்டுன்னேன். பேர், திருவேங்கடம். புகார் யார் மீது, 'பேர் வேண்டாம்' பக்கம். எத்தனை பதிவுகள், நாப்பத்து மூணு. எல்லாம் தட்டினா. கடைசியில ஒரு கட்டம், அதுல டிக் பண்ணினாத்தான் போகும். அதை வாசிச்சா. "இந்தப் பதிவுகளின் மூல ஆசிரியர் நானே என உறுதியளிக்கிறேன்." வாசிச்சுட்டு நிறுத்திட்டா. என் மூஞ்சியைப் பாத்தா. என்ன நிறுத்திட்ட, அதுக்கப்பறம் ஏதாவது இருக்கான்னு கேட்டேன்.

"முற்றுப்புள்ளி"ன்னா.

சரி, டிக் பண்ணி அனுப்புன்னேன். அவதான் அந்தக் கட்டத்துல விரலை வச்சு அமுக்கினா. போனை என் கையில குடுத்துட்டு எழுந்து போயிட்டா. நான் அப்ப ஒண்ணும் நினைக்கல. ரசம் வைக்கப் போறான்னு நினைச்சேன்.

மூணாம் நாள் அந்தப் பக்கத்தைத் தூக்கிட்டாங்க. குக்கர் வெயிட்டு காலி. எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேளுங்க, மைசூர்பாக்கு வாங்கிட்டுப் போய் இவ வாயில ஊட்டி விட்டேன். மென்னு முழுங்கினா. நல்லா இருக்குன்னு சொல்லல, இல்லன்னும் சொல்லல. அப்பறம்தான் எனக்கு உறைச்சுது, இவ பேசி மூணு நாளாச்சேன்னு. எண்ணிப் பாத்தா, கடைசியா பேசினது அந்த முற்றுப்புள்ளிதான். தொண்டை கட்டிக்கிச்சு போலன்னு மிளகுப்பால் போட்டுக் குடுத்தேன். சித்தரத்தை குடுத்தேன். வெந்நீர், உப்புத் தண்ணி, எல்லாம் ஆச்சு.

நீங்க ஏம்மா அப்படிப் பாக்கறீங்க? அந்தப் பக்கத்தைத் தூக்கினதுக்கும் இவ தொண்டைக்கும் என்ன சம்பந்தம் இருக்க முடியும்? காத்து மாறியிருக்கு, அவ்வளவுதான்.

ஆனா ஒண்ணு சொல்றேன். வீடு நல்லாவே இல்லம்மா. முன்னெல்லாம் நான் எதையாவது கேட்டா ஒரு பதில் வரும், அது சுருக்குன்னு குத்தும், குத்தின இடத்துல சிரிப்பு வரும். இப்ப நான் கேக்கறது அப்படியே கூடத்துல நின்னுட்டு இருக்கு. போன வாரம் வேணும்னே உப்பு போதலன்னேன். உப்பு ஜாடியைக் கொண்டு வந்து வச்சுட்டுப் போயிட்டா. கண்ணாடியை நானே ஒளிச்சு வச்சுட்டுத் தேடினேன். எடுத்து மேஜையில வச்சா. நாப்பத்தேழு நாளும் நான் ஒருத்தனே பேசிட்டு இருக்கேன். எனக்கே என் பேச்சு சலிச்சுப் போச்சு.

தெறிப்பும் நின்னு போச்சு. நாலு நாள் பழசையே திருப்பிப் போட்டேன். அப்பறம் சூழ்நிலையாவது ஒண்ணாவது, நாமளே எழுதுவோம்னு உக்காந்தேன். 'வாழ்க்கை ஒரு நதி.' அதுக்கு மேல வரல. அதையே போட்டேன். ஆறு லைக். அதுல ஒண்ணு நான் போட்டது, ஒண்ணு மாப்பிள்ளை. கீழ ஒருத்தன், 'ஐயா உடம்பு சரியில்லையா?'ன்னு கேட்டிருக்கான். அதை மட்டும் எவனும் திருடலம்மா. வாட்டர்மார்க்கை எடுத்துட்டு, சும்மா திறந்து போட்டுக்கூடப் பாத்தேன். நாதி இல்ல.

இந்தா, கதவு திறக்குது. வந்துட்டா.

என்ன செண்பகம், டாக்டர் என்ன சொன்னாரு? மருந்து எழுதினாரா? ஒண்ணுமே எழுதலயா? பாத்தீங்களாம்மா, வாயைத் திறக்கல. டாக்டர் கண்ணைத் துடைச்சுக்கிட்டே எட்டிப் பாக்கறாரு, சிரிச்சது அவருதான் போல. செண்பகம், இவங்க பதிமூணு, பாவம் ஒரு காது அடைச்சிருக்கு. அப்படியும் நம்ம கதையெல்லாம் பொறுமையா கேட்டாங்க. நான்தான் எல்லாத்தையும் சொல்லிட்டு இருந்தேன். என்ன செண்பகம், நீ ஏன் அவங்க பக்கம் குனியற?

பேசினா. இப்பப் பேசினாம்மா, உதடு அசைஞ்சுது, நான் பாத்தேன். உங்க நல்ல காதுலதானே சொன்னா? என்ன சொன்னா? ஏன் இப்படிச் சிரிக்கறீங்க? அப்ப நல்ல வரிதான். எனக்குத் தெரியும், அவ மெல்லமா சொன்னா அது நல்ல வரியாத்தான் இருக்கும். சொல்லுங்கம்மா. நாப்பத்தேழு நாள் கழிச்சு வந்த மொத வரி அது.

சொல்ல மாட்டீங்களா? சொல்லக் கூடாதுன்னாளா? என்னம்மா நியாயம் இது, அரை மணி நேரமா உங்க பக்கத்துல உக்காந்து என் மனசையே கொட்டியிருக்கேன். அது எங்க வீட்டுச் சொத்தும்மா, இப்ப உங்க காதுல இருக்கு. என்ன, அவங்களையே கேளுங்களா? இவளையா?

இவளைக் கேக்கலாம்தான். இத்தனை வருஷத்துல கேட்டதில்ல, அதான் எப்படி ஆரம்பிக்கறதுன்னு.

சரி செண்பகம், உன் பேரோடவே போடறேன். செண்பகவல்லின்னு பெரிய எழுத்துல, நடுவுல. என் போட்டோ வேண்டாம். நீ சொன்னபடியே கொச்சையாவே இருக்கட்டும், ஒரு எழுத்து மாத்த மாட்டேன். அடியில சின்னதா, செம்மையாக்கம் திருவேங்கடம்னு மட்டும் போட்டுக்கறேன். ஒண்ணும் மாத்தலன்னா செம்மையாக்கம் எதுக்குன்னு பாக்கறியா? சரி, அதுவும் வேண்டாம். எடுத்துட்டேன், போதுமா?

பதிமூணுன்னு கூப்பிடறாங்க. இருங்கம்மா, போகாதீங்க, அந்த வரியை மட்டும் சொல்லிட்டுப் போங்க, நான் எழுதிக்கறேன். ஒரு நிமிஷம், என் கண்ணாடி எங்க? சட்டைப் பையில இல்ல. இங்கதானே வச்சேன். பெஞ்சுக்கு அடியில பாருங்க. செண்பகம், என் கண்ணாடியைப் பாத்தியா?

ஏன் உன் மூக்கைத் தொட்டுக் காட்டற?